ஐம்பது நிமிடங்கள் போன இடம்

அலுவலகத்தில் அவருக்கு 'நொடியார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளடைவில் அது அவர் முகத்துக்கு நேராகவும் வந்து சேர்ந்தது. அவரோ அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல் பட்டமாக எடுத்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று யாராவது எழுந்து போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆள் திரும்பி வந்து உட்காரும்போது, "நூத்தி எழுபத்து மூணு நொடி" என்பார். வந்தவர் சிரிப்பார், அவர் சிரிக்கமாட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. பதினான்கு வருடங்களுக்கு முன்பு அந்தக் கம்பெனி எழுதிய மென்பொருள்களில் நேரம் என்பது சந்தைக்கடையாக இருந்தது. ஒருவர் நேரத்தை நிமிடத்தில் வைத்திருப்பார், பக்கத்து நாற்காலிக்காரர் நொடியில் வைத்திருப்பார். ஒன்றரை மணி என்பதை ஒருவர் ஒன்று புள்ளி ஐந்து என்பார், இன்னொருவர் ஒன்று புள்ளி முப்பது என்பார். எல்லாவற்றையும் ஒரு கூட்டாகக் கூட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு அவர் ஃபோனுக்குக் காத்திருப்பார்கள்.

நொடியார்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். 'கால அளவு' என்று ஒரு கிளாஸ் எழுதினார். கிளாஸ் என்றால் ஓர் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சில் வார்த்து எடுக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் மூடி போட்ட ஒரு டப்பா. டப்பாவுக்குள் ஒரே ஓர் எண், அது நொடிக் கணக்கு. வெளியில் இருப்பவர்கள் மூடியைத் திறந்து கையை விடக்கூடாது. வேண்டுமானால் மரியாதையாகக் கேட்கலாம்: "நிமிடத்தில் சொல், மணியில் சொல், நாளில் சொல்." டப்பா உள்ளுக்குள் வகுத்துப் பார்த்து பதில் சொல்லும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நாம் சொல்கிறோம். நொடியார் அப்படிச் சொன்னதில்லை. 'காலம் ஒரு பொருள்' என்ற தலைப்பில் அவர் வருடா வருடம் புதியவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். எழுபது நிமிடம். அதாவது நாலாயிரத்து இருநூறு நொடி. அதில் முதல் பத்து நிமிடம் பிரபஞ்சம் தோன்றியதைப் பற்றி, கடைசி ஐந்து நிமிடம் டப்பாவைப் பற்றி, நடுவில் இருந்ததெல்லாம் நொடியாரைப் பற்றி.

வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி "அஞ்சு நிமிஷம், இதோ" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால், ஆறாவது நிமிடம் இவர் வாசற்படியில் நிற்பார்.

"முந்நூத்தி அறுபது நொடி ஆச்சு."

"முந்நூறு நொடியில வேகற அரிசி உங்க கம்பெனியில செஞ்சா வாங்கிட்டு வாங்க" என்பாள் அவள்.

இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியம் இப்படிப் பழகிப்போயிருந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. நொடியாரின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து நாலு வருடம் படுக்கையில் கிடந்தபோது, அவரைத் தூக்கி உட்காரவைத்து, நிற்கவைத்து, கடைசியில் கூடம் முழுக்க நடக்கவைத்தது அவள்தான். வந்துபோன பிசியோதெரபி டாக்டர், "இது படிச்சு வர்ற கை இல்லம்மா, ஆனா படிச்சிடுங்க" என்றார். மாமனார் கண்ணை மூடிய பிறகு அவள் நிஜமாகவே படித்தாள், பரீட்சையும் எழுதித் தேறினாள். அதற்குமேல் ஆயிரம் மணி நேரம் ஓர் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் பயிற்சி செய்தால் உரிமம் கிடைக்கும். உரிமம் வந்ததும் அதே ஆஸ்பத்திரியின் பக்கவாத வார்டில் ஓர் இடம் காத்திருந்தது. "மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன்" என்று வார்டுத் தலைவி வாக்குக் கொடுத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாற்காலி தனக்காகக் காலியாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது, நொடியார் தலையை ஆட்டிவிட்டு மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று சொன்னார்.

உரிமம் வழங்கும் குழுவிடமிருந்து கடிதம் வந்தது ஒரு காலை நேரத்தில். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உறையைக் கிழித்தாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் கேளுங்க. 'தங்கள் பயிற்சி நேரம் எழுநூற்று இருபது மணி. தேவை ஆயிரம் மணி. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' எழுநூத்தி இருபதாம்!"

"நீ எவ்வளவு செஞ்சே?"

"ஆயிரத்து இருபது. முந்நூத்தி அறுபது நாள், நாளுக்கு ரெண்டு மணி அம்பது நிமிஷம். காலையில எட்டு மணிக்கு வாசல் மெஷின்ல அட்டையைத் தேய்ச்சு உள்ளே போவேன், பத்து அம்பதுக்குத் தேய்ச்சிட்டு வெளியே வருவேன். பதினோரு மணிக்கு அந்த ரூம் வேற ஆளுங்களுக்குப் போயிடும். ஒரு நாள்கூட விடாம நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டு வந்தது. கட்டம் போட்ட நோட்டு. தினமும் ஒரு வரி. கூட்டல் எல்லாம் பென்சிலில்.

"இங்க பாருங்க. முந்நூத்தி அறுபதை ரெண்டால பெருக்குங்க. என்ன வருது? எழுநூத்தி இருபது. அப்ப என்ன அர்த்தம்? யாரோ தினமும் என்னோட அம்பது நிமிஷத்தைத் தின்னிருக்காங்க! எல்லா நிமிஷத்தையும் கூட்டிட்டு அப்புறம் அறுபதால வகுத்தா சரியா வருது. இவங்க ஒவ்வொரு நாளையும் தனித்தனியா வகுத்து, மிச்சத்தைக் குப்பையில கொட்டிட்டு, அப்புறம் கூட்டியிருக்காங்க. ஏங்க, மூளை இருக்கறவன் எவனாவது இப்படிக் கூட்டுவானா?"

நொடியார் டீ கிளாஸை மேஜையில் வைத்தார். டப்பாவிடம் மணியில் சொல் என்றால் அது முழு மணியை மட்டும் சொல்லும், மிச்சத்தை வாயைத் திறக்காமல் விழுங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். விழுங்கச் சொன்னவரே அவர்தான்.

"கீழ விதின்னு ஒண்ணு போட்டிருக்கான், அதையும் கேளுங்க" என்றாள். "'மணி என்பது நிறைவடைந்த மணி. நிறைவடையாததை மணி என்று அழைப்பது தரவுக்குச் செய்யும் துரோகம்.' துரோகமாம்! கடிதாசியில வசனம் பேசறான் பாருங்க. எந்த வீணாப்போனவன் எழுதினதோ."

அது அவர் எழுதியது. கமா, புள்ளி மாறாமல் அவர் எழுதியது. கால அளவு கிளாஸின் கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் அந்த வாசகம் தடித்த எழுத்தில் இருந்தது. அதை எழுதிய அன்று அவர் இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டார். உரிமக் குழுவில் எவரோ விதி எழுத உட்கார்ந்து, வார்த்தை கிடைக்காமல், கையேட்டைத் திறந்து அப்படியே உருவியிருக்கிறார்கள்.

"நான்தான்" என்று சொல்ல அவருக்கு எட்டு நொடி இருந்தது. அவரே எண்ணினார். ஒன்பதாவது நொடியில் பால் பொங்கியது. அவள் உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்து கடிதத்தின் கடைசிப் பத்தியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கணக்கீட்டில் பிழை இருப்பதாக மென்பொருள் தயாரித்த நிறுவனமே எழுதிக் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டு. இணையதளத்தில் ஏற்றவேண்டும். கடிதத் தேதியிலிருந்து பத்து நாள், பத்தாம் நாள் இரவு பன்னிரண்டு மணி வரைக்கும்.

"இது உங்க கம்பெனி சாஃப்ட்வேர்தானே? முகப்புல உங்க சின்னம் இருக்கு."

"பார்க்கறேன்."

"பார்க்கறேன்னா?"

"அதுக்கெல்லாம் ஒரு ப்ராசஸ் இருக்கும்மா."

அன்றே அலுவலகத்தில் அவர் முதலில் போய் நின்றது டெஸ்டர் அம்மாவின் மேஜை முன்னால். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது அந்த அம்மாளின் வேலை. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள், வயது ஐம்பத்து மூன்று. நொடியாரின் டப்பாவைப் பற்றி அவள் எழுப்பிய புகார்கள் எல்லாவற்றையும் நொடியார் மூடியிருக்கிறார். சராசரியாக ஒன்றுக்கு நாலு நிமிடம்.

அவர் விஷயத்தைச் சொன்னார். மனைவி என்று சொல்லவில்லை, "ஒரு பயனர்" என்றார்.

"நானூத்திப் பதினேழு" என்றாள் டெஸ்டர் அம்மா, கண்ணாடியைக்கூட மாட்டாமல்.

"என்னம்மா அது?"

"புகார் நம்பர் சார். ஆறு வருஷம் ஆச்சு. திறந்து பாருங்க."

திறந்தார். 'அரை மணி, அரை மணி இரண்டையும் தனித்தனியே மணியாக்கிக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது. கையேட்டில் உள்ள உதாரணமே இப்படித்தான் கூட்டிக் காட்டுகிறது. யாராவது இதைக் காப்பியடித்தால் என்ன ஆகும்?' என்று அவள் கேட்டிருந்தாள். அதற்குக் கீழே அவருடைய பதில், துரோக வாசகத்தோடு. அதற்கும் கீழே: 'வடிவமைப்பின்படியே இயங்குகிறது. மூடப்பட்டது.' அந்த பதில் தனக்கே மிகவும் பிடித்துப்போய்த்தான் அவர் அதைக் கையேட்டிலும் ஏற்றினார் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

"காப்பியடிச்சிருக்காங்க சார்" என்றாள் அவள். "உரிமக் குழுவுக்கு ரிப்போர்ட் எழுதின நம்ம டீம். எழுத்து மாறாம."

"இத்தனை வருஷமா யாரும் கேட்கலையே!"

"எப்படிக் கேட்பாங்க? முழுநாள் பயிற்சிக்கு வர்றவங்களுக்கு எட்டு மணி அஞ்சு நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் போகும், போனதே தெரியாது. காலையில ரெண்டே முக்கால் மணி நேரம் வந்துட்டு வீட்டுக்கு ஓடறவங்களுக்குத்தான் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போகும். அவங்க நூத்திப் பதினெட்டு பேர் இருக்காங்க, எண்ணிப் பார்த்தேன். பாதிப்பேர் தன் மேலதான் தப்புன்னு நினைச்சுப் போயிருப்பாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அந்த ஒரு பயனர் உங்க வீட்டம்மாவா சார்?"

நொடியார் மேனேஜர் அறைக்குப் போனார்.

போகிற வழியெல்லாம் சண்டைக்குத் தயாரானார். மேனேஜர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். கம்பெனி மானம் போகும் என்பார், வாடிக்கையாளர் கோபிப்பார் என்பார், எழுதித் தரமுடியாது என்று கையை விரிப்பார். அப்போது மேஜையைத் தட்டி, "இது என் மனைவியோட வாழ்க்கை" என்று சொல்வதாக ஒரு வசனம்கூட மனதில் தயாராக இருந்தது. நல்ல வசனம். ஏழு நொடி.

மேனேஜர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சூப்பர் சார்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சூப்பர் சொல்பவர், யார் வீட்டிலாவது துக்கம் என்றால் மட்டும் சற்று மெதுவாகச் சொல்வார். "நல்லவேளை நாமே கண்டுபிடிச்சோம். மூணு வரி எழுதுங்க, இப்பவே சீல் போட்டுத் தர்றேன். தப்பு யாருக்குத்தான் வராது? கிளாஸ் உங்களோடது, அதனால கையெழுத்து மட்டும் நீங்க போடணும். அவ்வளவுதான் சார்."

சண்டை போட ஆளே இல்லை. நொடியாருக்கு அது பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை டெஸ்டர் அம்மாவே அந்த மூன்று வரியை அடித்துக் கொண்டுவந்தாள். தேதி போட்டு, மேனேஜரிடம் சீலும் வாங்கியிருந்தாள். 'எங்கள் மென்பொருள் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே முழு மணியாக வெட்டிவிட்டுக் கூட்டுகிறது. இது தவறு. நொடிகளைக் கூட்டிய பிறகு மணியாக மாற்றினால் சரியான நேரம் கிடைக்கும்.' அடியில் ஒரு கோடு. கோட்டின்கீழ்: 'கால அளவு கிளாஸின் ஆசிரியர்.'

நொடியார் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இந்த 'தவறு'ங்கற வார்த்தை கொஞ்சம் பொத்தாம்பொதுவா இருக்கேம்மா. 'மாறுபட்ட புரிதல்'னு போட்டா?"

"யார் புரிதல் சார்?"

"இல்ல, 'எதிர்பாராத பயன்பாட்டுச் சூழலில் ஏற்பட்ட விலகல்'."

"சார்," என்றாள் டெஸ்டர் அம்மா, "'தவறு'ன்னா மூணே எழுத்து. நீங்க இப்ப சொன்னதைப் படிக்கறதுக்குள்ள குழு ஆபீசைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவள் போன பிறகு அந்தக் காகிதத்தை நொடியார் நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று அன்று அவர் எண்ணவில்லை. பதினான்கு வருடமாக எழுபது நிமிடம் எழுபது நிமிடமாகப் பேசிப் பேசி வளர்த்த ஒன்றை, இரண்டு வார்த்தையில் ஒரு சீலுக்குப் பக்கத்தில் போட்டு உடைப்பதா? அந்தக் காகிதம் ஆயுசுக்கும் எவன் ஃபைலிலாவது கிடக்குமே! வெறும் கடிதம் கொடுப்பது பொறுப்பில்லாத காரியம் என்று அவருக்குத் தோன்றியது. தீர்வோடு சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. தீர்வு பிரமாதமாக இருந்தால் தவறு என்ற வார்த்தையே தேவைப்படாதே. காகிதத்தை ஒரு ஃபைலில் செருகிவிட்டு, ஸ்கிரீனில் புதுப் பக்கம் திறந்தார். 'கால அளவு: இரண்டாம் பதிப்பு.'

அதில் விழுந்தவர் எழவில்லை. நேரத்தை வைத்திருக்கும் டப்பாவே அதை மாற்றவும் செய்வது அசிங்கம் என்று கண்டார். எனவே மாற்றுவதற்கென்று தனியாக ஒரு கிளாஸ். மிச்சத்தை என்ன செய்வது என்பது ஒரு கொள்கை முடிவு அல்லவா? எனவே 'மிச்சக் கொள்கை' என்று இன்னொன்று. அதற்குக் கீழே வெட்டும் கொள்கை, வெட்டாத கொள்கை, மேலதிகாரியைக் கேட்கும் கொள்கை என்று மூன்று வாரிசுகள். எந்தக் கொள்கையை எப்போது வார்ப்பது என்று தீர்மானிக்க ஒரு தொழிற்சாலை, தொழிற்சாலையைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர். ஒரு வாரத்தில் பதினொரு கிளாஸ்கள் ஆகிவிட்டன. முன்பு ஒரு வகுத்தல் இருந்த இடத்தில் இப்போது ஓர் அரசாங்கமே நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவள் தினமும் கேட்டாள். மூன்றாம் நாள் சாதாரணமாகக் கேட்டாள். ஐந்தாம் நாள் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள். ஏழாம் நாள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு வரி எழுதித் தர்றதுக்கு என்னதான் கஷ்டம் அவங்களுக்கு?"

"எல்லாரும் சம்மதிச்சிட்டாங்க. ஒருத்தர் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறார்."

இது பொய் என்றும் சொல்லமுடியாது.

"யாரு அந்த மகானுபாவன்?"

"இருக்காரு. சீனியர்."

"கொம்பு முளைச்சிருக்கோ? நான் வந்து பேசட்டுமா?"

"வேணாம்மா. நல்ல மனுஷன்தான். கொள்கைப் பிடிப்பு உள்ளவர்."

"நல்ல மனுஷனா! ஒரு பொம்பளை ஒன்றரை வருஷம் ஆள் ஆளாத் தூக்கி நிறுத்தின நேரத்தை முழுங்கிட்டு ஏப்பம் விடறான், அவனுக்குக் கொள்கை வேற கேடா? அந்தாளோட பொண்டாட்டி அவனை வெச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்றாளோ, பாவம்" என்று சொல்லி, அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

நொடியார் குனிந்து சாப்பிட்டார்.

பத்தாம் நாள் பிற்பகலில் வேலை முடிந்தது. முப்பத்து நாலு பக்கம். படங்கள் ஒன்பது. அட்டையில் 'காலக் கணக்கீட்டில் ஒரு புதிய பார்வை'. தவறு என்ற சொல் எங்கும் இல்லை. முப்பத்து மூன்றாம் பக்கத்தில், கூர்ந்து படிப்பவருக்கு மட்டும், பழைய பதிவுகளை நொடிக் கணக்கில் மீண்டும் கூட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. மேனேஜர் புரட்டிப் பார்த்து சூப்பர் என்றார். சீல் விழுந்தது. எல்லாவற்றையும் ஃபைலில் வைத்துக்கொண்டு, ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருந்தார்.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள், யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும். இணையதளத்துக்குள் நுழைந்து, விண்ணப்ப எண்ணை அடித்து, மேல்முறையீடு என்ற பொத்தானை அழுத்தினாள்.

'மீதமுள்ள நாட்கள்: 0. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தது.'

"இது என்னங்க?" என்றாள். "இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கே. இன்னும் ஆறு மணி நேரம் கிடக்கு."

மறுபடி அழுத்தினாள். மறுபடி பூஜ்யம். குழுவின் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். கிளம்புகிற அவசரத்தில் இருந்த ஒரு குமாஸ்தா எடுத்தார்.

"பூஜ்யம்னு காட்டுதாம்மா? அப்ப முடிஞ்சுது."

"ராத்திரி வரைக்கும்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

"எழுதினது நாங்கம்மா. காட்டறது சிஸ்டம். சிஸ்டம் பூஜ்யம்னா நான் எப்படிம்மா ஒண்ணாக்கறது?"

அவள் ஃபோனை வைத்துவிட்டுப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நொடியாரும் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. மீதி நேரத்தை 'நாளில் சொல்' என்று கேட்டிருக்கிறார்கள். முழு நாள் மிச்சமிருந்தால்தான் கதவு திறக்கும். ஆறு மணி நேரம் என்பது நாள் இல்லை. இருபத்து மூன்று மணி நேரமும் நாள் இல்லை. நேற்று ராத்திரி பன்னிரண்டு அடித்த அடுத்த நொடியே அவருடைய டப்பா கதவைச் சாத்தியிருக்கிறது.

அவளுக்கும் விளங்கியது. அதற்கு அவளுக்கு டப்பாவைப் பற்றி எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை, முந்நூற்று அறுபது வரி நோட்டு ஒன்றே போதுமாக இருந்தது.

"அதே ஆள்தான்" என்றாள் மெதுவாக. "என் அம்பது நிமிஷத்தைத் தின்னவன்தான் இந்த ஆறு மணி நேரத்தையும் தின்னிருக்கான். ஒரே பல்லு."

நொடியார் தொண்டையைக் கனைத்தார். அவள் அவரிடமிருந்து ஃபைலை வாங்கினாள், அந்தச் சீனியர் அப்படி என்னதான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பார்க்க. இரண்டாம் பக்கம்: 'வரலாறு.' அதன் முதல் வரி: 'மணி என்பது நிறைவடைந்த மணி என்ற கோட்பாட்டை இதன் ஆசிரியர் முதன்முதலாக முன்வைத்தபோது…' ஆசிரியர் யார் என்று அட்டையில் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாக அவள் வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையில் இருக்கிற அதே பெயர்.

ஃபைலின் உறையிலிருந்து ஒற்றைக் காகிதம் ஒன்று நழுவி மடியில் விழுந்தது. மூன்று வரி. சீல். எட்டு நாளைக்கு முந்தைய தேதி. கையெழுத்துப் போடவேண்டிய கோடு மட்டும் வெறுமனே கிடந்தது.

அவள் மூன்று வரியையும் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இதுல என்ன குறைச்சல்னு இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?"

"அதுல ஒரு வார்த்தை… சரியா அமையலம்மா. அதான், இன்னும் கொஞ்சம் முழுமையா…"

"எந்த வார்த்தை?"

அவர் விரலை வைத்துக் காட்டினார்.

அவள் விரலுக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு அளந்து பார்த்தீங்களா?"

நொடியார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"மூடுங்க" என்றாள். "இனிமே கையெழுத்துப் போட்டு, ஃபிரேம் போட்டு மாட்டவா?"

 அவள் நல்ல புடவையை மாற்றிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எத்தனை நிமிடம் என்று அன்று அவள் சொல்லவில்லை, அவரும் வாசற்படியில் போய் நிற்கவில்லை.

இரண்டாம் பதிப்பு ஓஹோவென்று ஓடியது. உரிமக் குழு முப்பத்து நாலு பக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, இனிவரும் பதிவுகள் அனைத்தும் நொடிக் கணக்கில் கூட்டப்படும் என்று அறிவித்தது. பழைய பதிவுகளைப் பற்றிய வரி முப்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்ததால் யாரும் அதுவரை போகவில்லை. நூற்றுப் பதினெட்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். 'காலம் ஒரு பொருள்: இரண்டாம் பாகம்' என்று நொடியார் தொண்ணூறு நிமிடம் பேசினார். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக டெஸ்டர் அம்மா, "எல்லாம் சரியா இருக்கு சார், புகார் எதுவும் இல்ல" என்றாள். கேக்கை எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

மாசக் கடைசியில் பக்கவாத வார்டு நாற்காலி ஆயிரத்து மூன்று மணி நேரம் முழுநாள் பயிற்சி முடித்திருந்த வேறொரு பெண்ணுக்குப் போனது. வார்டுத் தலைவி ஃபோனில் வருத்தப்பட்டாள். இன்னும் இருநூற்று எண்பது மணி குறைகிறது. "முன்னாடி மாதிரி வெட்டிக் கூட்டினா நூத்தி நாப்பது நாள் ஆகியிருக்கும்" என்று நொடியார் ஆறுதலாகக் கணக்குப் போட்டார். "இப்ப தொண்ணூத்தி ஒன்பதே நாள்ல முடிஞ்சிடும்." அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாக்கியத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டார்.

மறுபடியும் பயிற்சிக்கு முதல் நாள் போய்விட்டு அவள் பதினொன்றரைக்கு வீடு திரும்பினாள். ஒரு கால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நொடியார் அன்று விடுப்பு எடுத்திருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கூடத்து மேஜையில் கம்ப்யூட்டரில் அவளுடைய பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இங்க வந்து பாரேன்."

வந்து பார்த்தாள். 'இன்றைய பயிற்சி: 2 மணி 50 நிமிடம் 12 நொடி.' கீழே, 'மொத்தம்: 722 மணி 50 நிமிடம் 12 நொடி.' ஒன்றுகூட சிந்தவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் அவர் காத்திருந்தார். காலையிலிருந்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார், 'தவறு' உட்பட. ஆனால் அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் தானாக மலர்ந்தது. வாயும் தானாகத் திறந்தது.

"அழகா இருக்கில்ல?"

 அவள் கையில் இருந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள். வார் அறுந்து தொங்கியது.

"வெளியே வர அட்டையைத் தேய்க்கப் போறப்ப அறுந்தது. குனிஞ்சு எடுத்துட்டு நிமிர்ந்தேன். அந்தப் பன்னெண்டு நொடி அதுதான். அதையும் எழுதிடுச்சா உங்க டப்பா?"

"எழுதிடுச்சு" என்றார் நொடியார்.

அந்தக் குரலில் இருந்த பெருமை அவர் காதிலேயே விழுந்தது. அதற்குள் அவள் உள்ளே போயிருந்தாள்.